வியர்வை மை

ஆவாரங்குளம் தாலுகா அலுவலகத்தில் காலையில் அச்சாகிற சான்றிதழ்கள் சாயங்காலத்துக்குள் செத்துப்போய்க்கொண்டிருந்தன. கறுப்பாக வரும் எழுத்து மத்தியானத்தில் பழுப்பாகும். அப்புறம் சளி நிறத்துக்கு வெளிறும். விளக்கு வைக்கிற நேரத்துக்கு வெள்ளைத் தாள்தான் மிஞ்சும். நாற்றம் மட்டும் தாளை விட்டுப் போகாது.

பழுது பார்க்க வந்த தவசி, கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூட்டத்தை இடித்துத் தள்ளி உள்ளே புகுந்தான். வரிசை வாசலைத் தாண்டி சைக்கிள் நிறுத்துகிற கொட்டகை வரைக்கும் நின்றது. ஒரு பெண் வெள்ளைத் தாளைத் தூக்கிப் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தாள்.

"எம்புருசன் செத்துட்டாருன்னு எழுதிக் குடுத்தீக. இப்பக் காயிதத்துல ஒண்ணுமே இல்ல. பென்சன் ஆபீசுல போய் எதைக் காட்டுவேன்?"

வாசலில் நின்ற அலுவலக உதவியாளன் இன்னாசி பல்லைக் குத்திக்கொண்டே சொன்னான். "அப்ப வீட்டுக்குப் போயிப் பாரு தாயி. ஒருவேளை எந்திரிச்சு வந்திருப்பாரு."

"உன் வாயில புத்து வைக்க" என்றாள் அவள். வரிசை சிரித்தது. இன்னாசியும் சிரித்தான். தவசி மட்டும் சிரிக்கவில்லை. சிரித்தவன் ஒவ்வொருவன் கையிலும் அதே மாதிரி ஒரு வெள்ளைத் தாள் இருந்தது.

அச்சு அறைக்குள் கால் வைத்ததும் வாடை முகத்தில் அறைந்தது. ஊறப்போட்டு மறந்த பனியன், கட்டுப் பிரிக்காத புண், அதை மறைக்க யாரோ அடித்துவிட்ட மல்லிகை ஸ்பிரே. நாற்றத்தைக்கூடச் சகித்துவிடலாம், நாற்றத்துக்குப் பூ வைத்தால் சகிக்க முடியாது.

துணைத் தாசில்தார் வித்யாவதி மூக்கில் கைக்குட்டையோடு வந்தார். சென்னையிலிருந்து மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. "கம்பெனிக்கு எத்தனை தடவை போன் பண்றது? கலெக்டர் என்னைக் கேக்குறாரு. உயிர் மைன்னுதானே சொன்னீங்க? உயிர் மை எப்படிச் சாகும்?"

"உயிர் இருக்குறதுனாலதான் மேடம் சாகுது" என்றான் தவசி.

அவர் முறைத்தார். தவசி குத்தலாகச் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொன்னான். எந்தக் கையெழுத்தையும் எந்த முத்திரையையும் எவன் வீட்டுக் கணினியும் அப்படியே போட்டுக் கொடுத்துவிடும் என்று ஆன பிறகு, அரசாங்கத் தாளுக்கு மரியாதை இல்லாமல் போயிற்று. ஒரே நிலத்துக்கு ஊர் முழுக்கப் பட்டா வைத்திருந்தார்கள். அப்போது வந்ததுதான் இந்த மை. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் சேர்ந்து ஒரு கறுப்பு. தாளில் ஒட்டி, காய்ந்து, வருசக்கணக்கில் தூங்கும். சோதிக்கிற கருவியைக் காட்டினால் விழித்து மினுங்கும். யாராலும் நகல் எடுக்க முடியாது. உயிரை நகல் எடுக்கிற கருவி இன்னும் வரவில்லை.

தவசி வேலையைத் தொடங்கினான். அவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. முதலில் கண், அப்புறம் மூக்கு, அப்புறம் கை. மூளை கடைசியில். மூளையை முதலில் விட்டவன் நல்ல உருளையைக் கழற்றிப் போட்டுவிட்டு நாள் முழுக்க முழிப்பான். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். மாற்றி, ஒரு தாள் அடித்து, பார்த்து, திரும்பப் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும்.

தாளை மாற்றினான். ஈரம் குடித்த தாளாக இருக்கலாம். புதுக் கட்டைப் பிரித்து அடித்தான். எழுத்து வந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரங்களில் பழுப்பு ஏறியது. தாளில் குற்றமில்லை. மை பாய்ச்சும் முனையைக் கழற்றி வெந்நீரில் கழுவினான். அதுவும் இல்லை. தாளை உலர்த்துகிற சூட்டுத் தகட்டைத் தொட்டுப் பார்த்தான், சரியான சூடு. கழிவுத் தட்டை இழுத்தான். மேலே ஆடை கட்டியிருந்தது. பால் ஆடை மாதிரி, ஆனால் மஞ்சள். விரலால் தொட்டதும் நூலாக நீண்டது.

"ஐயே" என்று பின்வாங்கினார் வித்யாவதி. பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராக, கையிலிருந்த கோப்பைப் புரட்ட நாக்கில் விரலைத் தொட்டுக்கொண்டார். புரட்டினார். மறுபடி தொட்டார். உயிர் மையில் அச்சான தாள்கள் அவை.

தவசி பார்த்துக்கொண்டே இருந்தான். கடைசியில் பொறுக்க முடியாமல் கேட்டான். "மேடம், இந்த மை எதைத் தின்னு வளருதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"ஏதோ மூலிகைச் சாறுன்னு போட்டிருந்ததே. இயற்கை மைன்னு."

"இயற்கைதான். மனுச வேர்வை."

விரல் நாக்குக்குப் போகிற வழியிலேயே நின்றது.

"உள்ளங்கை அகலத்துல ஒரு பை மேடம். முதுகுல, இடுப்புக்கு மேல கட்டிவிடுவாங்க. தோலோட ஒட்டி வேர்வையக் குடிச்சுத்தான் மை ஊறும். நெறஞ்சதும் கழட்டிக் கொண்டாந்து மெஷின்ல மாட்டுறோம். ஏசில இருக்குறவங்க வேர்வை ஒதவாது, தண்ணியாட்டம் இருக்கும். உப்பு வேணும், கொழுப்பு வேணும். அதனால கல்லு ஒடைக்குறவங்க, உப்பளத்துக்காரங்க, சூளைக்காரங்க."

"மெஷின்ல செய்ய முடியாதா அந்த வேர்வையை?"

"முடியும். மனுசன் அதைவிடச் சீப்பு."

அவர் ஓடினார். குழாய் திறக்கிற சத்தமும் ஓங்கரிக்கிற சத்தமும் கேட்டன. திரும்பி வந்தபோது முகம் ஈரமாக இருந்தது. "எவ உடம்புல இருந்து வந்ததோ, என்ன சாதியோ" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

"அதுக்கும் வழி இருக்கு மேடம்" என்றான் வாசலில் நின்ற இன்னாசி. "கோயில் பத்திரம் அடிக்குறதுக்குத் தனியா பச்சை வார் போட்ட பை வருது. அதைக் கட்டிக்கிடுறவுகள ஆளு பாத்து எடுக்குறாகளாம். வேணும்னா நம்மளுக்கும் எழுதிப் போடுங்க."

அவன் கிண்டல்தான் செய்தான். ஆனால் அவர் யோசித்தார். அந்த யோசனையைப் பார்த்தபோது, கழிவுத் தட்டில் கிடந்த மஞ்சள் ஆடை எவ்வளவோ மேல் என்று தவசிக்குத் தோன்றியது. அவனுடைய அப்பா அரிசிக் கிட்டங்கியில் மூட்டை தூக்கியவர். தோளில் நிரந்தரமாக ஒரு புண். அவர் தூக்கிய அரிசியைத் தின்றவர்கள் அவருக்குத் தண்ணீர் ஊற்றும்போது சொம்பைத் தூக்கிப் பிடித்துத்தான் ஊற்றினார்கள்.

கடைசியாக மிஞ்சியது மைப் பைதான். நிலப் பிரிவில் இன்னொரு இயந்திரம் இருந்தது, அது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. தவசி இரண்டிலிருந்தும் பைகளை எடுத்து இடம் மாற்றினான். சான்றிதழ் இயந்திரம் பளிச்சென்று அடிக்கத் தொடங்கியது. நிலப் பிரிவின் பட்டா பழுக்கத் தொடங்கியது. பை போன இடத்துக்கு நோயும் கூடப் போனது. இயந்திரத்தில் குற்றமில்லை. குற்றம் பையில்.

பையின் எண்ணைக் கைபேசியில் படம் பிடித்தான். கம்பெனி செயலி, அதைக் கட்டியிருந்தவர் பேரையும் இடத்தையும் காட்டியது. மாரிக்கனி, செங்கல் சூளை, ஊருக்குத் தெற்கே.

*

சூளையில் உச்சி வெயில் மண்ணைப் பிளந்துகொண்டிருந்தது. தலையில் பலகையும் பலகை மேல் செங்கலுமாகப் பெண்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லோர் ஜாக்கெட்டின் பின்னாலும் ஒரு புடைப்பு. தூரத்திலிருந்து பார்த்தால் கூன் விழுந்த கூட்டம் மாதிரி இருந்தது.

"மாரிக்கனி யாரும்மா?"

"ஏ கனி, உன்னையப் பொண்ணு பாக்க வந்துருக்காகடி" என்று ஒருத்தி கத்தினாள். "பையோட பாக்கணுமா, பை இல்லாமப் பாக்கணுமான்னு கேளு."

மாரிக்கனி பலகையை இறக்கிவிட்டு வந்தாள். முப்பது வயதுக்கு நாற்பது தெரிகிற முகம். தவசியின் சட்டையிலிருந்த கம்பெனி முத்திரையைப் பார்த்ததும் முகம் சுண்டிவிட்டது.

"என்னண்ணே, பை சரியாத்தான கட்டிருக்கேன்."

"கொஞ்சம் அங்கிட்டு வாம்மா. ஒண்ணு கேக்கணும்." செங்கல் அடுக்குக்குப் பின்னால் போனதும் தவசி குரலைத் தாழ்த்தினான். "ஏதாச்சும் மாத்திரை திங்கிறியா?"

"இல்லயே. மாத்திரை திங்கக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டாகளே. தலவலிக்குக்கூடத் தைலந்தான்."

"நான் கம்பெனி ஆளுதான். ஆனா சூப்பர்வைசர் இல்ல. மெஷின் மெக்கானிக்கு. உன் பையில மை சாகுது. பூச்சிய எது கொல்லும்? மருந்துதான் கொல்லும்."

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு திரும்பி நின்று, முந்தானையை விலக்கி, பையின் ஓரத்தை விரலால் தூக்கிக் காட்டினாள்.

தவசி நாற்றத்துக்குப் பழகியவன். அவனே மூச்சை அடக்கிக்கொண்டான். பையின் விளிம்பு தோலில் பதிந்து பதிந்து சதையை அறுத்திருந்தது. சுற்றிலும் வீங்கிச் சிவந்து, நடுவில் சீழ் கோத்திருந்தது.

"காச்சல் விடவே இல்லண்ணே. பெரியாஸ்பத்திரி டாக்டரு பாத்துட்டு, வெசம் ரத்தத்துல ஏறப்போகுது, இதை ஒழுங்காத் திங்கலன்னா பொழைக்க மாட்டேன்னாரு. பையக் கழட்டுன்னாரு. கழட்டுனா வேற ஆளப் போட்ருவாக. ரெண்டையும் எப்படிச் செய்ய? மாத்திரையத் தின்னுக்கிட்டுப் பையையும் கட்டிக்கிட்டேன்." அவள் முந்தானையை இழுத்துவிட்டாள். "எம் பேரு மேல போயிருமாண்ணே?"

"இன்னும் எத்தனை நாளைக்குத் திங்கணும்?"

"இந்த மாசம் பூராத் திங்கணுமாம். நடுவுல விட்டா அப்புறம் மருந்து கேக்காதாம்."

"பிள்ளைக இருக்கா?"

"ரெண்டு. அதுகளுக்குத் தெரியாமத்தான் துணி மாத்துறேன். மோந்து பாத்துட்டு, எலி செத்துக் கெடக்குன்னு வீட்டத் தேடுதுக." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் தவசி சூளைப் புகையைப் பார்த்தான்.

நிழலில்லாத பாதையில் வண்டியை நிறுத்திவிட்டுக் கைபேசியை எடுத்தான். செயலியில் 'காரணம்' என்றொரு கட்டம். அதை நிரப்பாமல் புகாரை மூட முடியாது. 'தெரியவில்லை' என்று போடவும் வழியில்லை. கம்பெனிக்குத் தெரியாதது என்று உலகத்தில் எதுவும் கிடையாது போல. 'சுமப்பவர் மருந்து உட்கொண்டார்' என்று எழுதினால் நாளைக்கே சூளையில் எல்லோருக்கும் ரத்தம் எடுப்பார்கள், மாரிக்கனியை வெளியே தள்ளுவார்கள்.

அவன் எழுதினான்: 'பை உடம்பை விட்டுக் கழன்ற பிறகு, வண்டியில் வரும் வழியில் சூடு ஆறிவிடுகிறது. சூடு ஆறிய மை நோஞ்சானாகி, தாளில் நிலைப்பதில்லை. வழிச் சூட்டைக் காக்க ஏற்பாடு தேவை.'

பொய்தான், ஆனால் பொருந்துகிற பொய். எந்த எஞ்சினியர் படித்தாலும் தலையாட்டுவான். கம்பெனி சூட்டுப் பெட்டி வாங்கலாமா வேண்டாமா என்று கூட்டம் போட்டுப் பேசி முடிப்பதற்குள் ஆடி போய் ஆவணி வந்துவிடும். அதற்குள் மாத்திரை முடிந்துவிடும், புண்ணும் ஆறிவிடும். அதுவரை அவள் பையை உதிரிப் பெட்டிக்குத் தள்ளிவிட வேண்டியது. தவசி சூளைக்குத் திரும்பிப் போய்ச் சொன்னான். "மாத்திரைய விடாத. உன் பேரு வராது."

மாரிக்கனி கும்பிட்டாள். அவனுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் அன்றைக்கு வீட்டுக்குப் போய், ரொம்ப நாளைக்குப் பிறகு, நன்றாகச் சாப்பிட்டான்.

*

கம்பெனி கூட்டமெல்லாம் போடவில்லை. மறுவாரமே வட்டார மேலாளர் ராகவன் கூப்பிட்டார். குரலில் தேன் ஒழுகியது.

"தவசி, என்ன மனுஷன்யா நீங்க! இத்தனை எஞ்சினியர் இருக்கான், ஒருத்தனுக்கும் தோணலை. வழியிலதான் சூடு போகுது. சரி, வழியையே எடுத்துட்டா?"

"புரியலங்க."

"பை வண்டியில வந்தாத்தானே ஆறும்? சுமக்குற ஆளையே மெஷின் பக்கத்துல உக்கார வெச்சுட்டா? நேரா குழாய். உடம்புல இருந்து மெஷினுக்கு. ஆறுறதுக்கு நேரமே இல்ல. வண்டிச் செலவும் மிச்சம். முதல் சோதனை உங்க ஆவாரங்குளத்துலதான். சாமான் வந்திறங்கிருச்சு. போய் மாட்டிக் குடுத்துருங்க."

தவசி அவசரமாகக் கேட்டான். "யாரை உக்கார வைக்கிறீங்க?"

"அதுக்கும் மண்டைய உடைக்கலை. உங்க புகார்ல இருந்த பை நம்பர் யாருதோ, அவங்களையே எடுத்துக்கிட்டோம். அதே ஆள், வழி மட்டும் இல்ல. மை நல்லா வந்தா, காரணம் வழிதான்னு நிரூபணம் ஆயிரும் பாருங்க. ஒரு நேரத்துல ஒண்ணைத்தானே மாத்தணும்? நீங்கதானே பசங்களுக்குச் சொல்லுவீங்க!"

ஆவாரங்குளம் அலுவலகத்தில் வரிசை மறுபடி நீண்டிருந்தது. அச்சு அறையில் இயந்திரத்துக்குப் பின்னால் பலகைத் தடுப்பு அடித்திருந்தார்கள். தடுப்புக்குள் முதுகில்லாத ஒரு நாற்காலி, அதன் காலடியில் சைக்கிள் பெடல், எதிரே சிவந்து கனலும் ஒரு சூட்டடுப்பு. நாற்காலியில் மாரிக்கனி. இடுப்பில் புது வார் கட்டியிருந்தது. அதிலிருந்து விரல் தடிமனில் ஒரு குழாய். வார் சரியாகப் பழைய இடத்திலேயே அழுந்தியிருந்தது. குழாயின் மறுமுனையை இயந்திரத்தில் சொருகுகிற வேலைதான் தவசிக்கு.

"வாங்கண்ணே" என்றாள் அவள். முகமெல்லாம் வேர்த்து மின்னியது. "நீங்கதான் சொல்லிப் போட்டீகன்னு மேனேசரு சொன்னாரு. எங்குலசாமி நீங்க. வெயில்ல செங்கல்லு செமந்ததுக்கு இது சொர்க்கம். உக்காந்த வேல, நெழலு. பேன் மட்டும் போடக் கூடாதாம்."

"மாத்திரை?"

அவள் தடுப்பின் மேலே பதித்திருந்த சின்ன விளக்கைக் கண்ணால் காட்டினாள். பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. "வேர்வையில மருந்து வாடை இருந்தா செவப்பாயிருமாம். போன வாரம் கூப்பிட்டுச் சொன்ன அன்னைக்கே நிறுத்திட்டேன்."

"டாக்டர் என்ன சொன்னாரு? நடுவுல விட்டா..."

"வலி இல்லண்ணே இப்ப. மரத்துப் போச்சு. மேல துணி வச்சுக் கட்டிருக்கேன்."

தவசி அவள் மணிக்கட்டைத் தொட்டான். கொதித்தது. பெடல் மிதித்துக்கொண்டிருந்த கால்கள் லேசாக நடுங்கின. "உனக்குக் காய்ச்சலு. இதைக் கழட்டு. எந்திரி, ஆஸ்பத்திரிக்குப் போவோம். வண்டி வெளியதான் நிக்குது."

அவன் வாரில் கை வைத்ததும் அவள் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள். செங்கல் தூக்கிய கை. பிடி இரும்பாக இருந்தது.

"அண்ணே, வயித்துல அடிக்காதீக. வெளிய பத்துப் பொம்பளைக இந்த நாற்காலிக்கு நிக்குறாளுக. காச்சல்ல வேர்வை நல்லா ஊறுது, பரவால்லன்னு சூப்பர்வைசரே சொல்லிட்டாரு."

"அவன் பொண்டாட்டிக்கு இப்படிச் சொல்லுவானா?"

"அவரு பொண்டாட்டி என்னத்துக்கு இங்க வந்து உக்காரப்போகுது?" அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. "குழாயச் சொருகுங்கண்ணே. சனம் காத்துக் கெடக்கு."

தவசி விளக்கைப் பார்த்தான். அது பச்சையாகவே இருந்தது. காரணக் கட்டத்தில் உண்மையை எழுதியிருந்தால் அவள் வேலை இழந்திருப்பாள். மாத்திரையைத் தின்றுகொண்டு, வீட்டில் பட்டினி கிடந்து, பிழைத்திருப்பாள். அவன் அவளுக்கு வேலையைக் காப்பாற்றிக் கொடுத்திருந்தான்.

அவன் சொருகாவிட்டால் நாளைக்கு இன்னொரு மெக்கானிக் வந்து சொருகுவான். எல்லாத் தேவடியாத்தனத்துக்கும் இந்த ஒரு நியாயம்தான் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே சொருகினான். குழாயில் கறுப்பு மெதுவாக ஏறியது.

முதல் தாள் வந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் வித்யாவதி அதை வாங்கிப் பார்க்கிற சத்தம் கேட்டது.

"அடேயப்பா! இவ்வளவு கறுப்பா எப்பவுமே வந்ததில்லையே. இன்னாசி, பாரு. கல்வெட்டு மாதிரி இருக்கு."

"ஆமா மேடம். தொட்டா சுடச்சுட இருக்கு. இட்லியாட்டம்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். தாளுக்குப் பின் தாளாக விழுந்தது. அவர் எண்ணினார். எச்சில் தொட்டுப் புரட்டுகிற சத்தம், நன்றாகக் கேட்டது. அன்றைக்கு ஓங்கரித்த அதே வாய்தான். மனுசருக்கு அருவருப்பு என்பது பழகுகிறவரைக்கும்தான்.

பிறகு அந்தச் சத்தம் நின்றது.

"தவசி, மை சரி. ஆனா ஏதோ வாடை வருதே. செத்த எலி மாதிரி. முன்னாடி இப்படி இல்ல. மெஷின்ல எங்கயாவது கோளாறான்னு முழுசாப் பார்த்துட்டுப் போங்க."

மாரிக்கனி பெடலை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். வேர்த்த முகத்தில் பயம் மட்டும் காய்ந்து இருந்தது. பேசாதே என்று தலையை மெல்ல ஆட்டினாள். இயந்திரம் ஒரு தாளைப் பாதியில் பிடித்துக்கொண்டு உறுமியது. அவள் அவசரமாக மறுபடி மிதிக்கத் தொடங்கினாள்.

தவசி கருவிப் பையை மூடினான்.

"மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல, மேடம்."

"நல்லவேளை" என்றார் வித்யாவதி. "அப்படின்னா கம்பெனில சொல்லி, இதே மாதிரி இன்னொண்ணு நிலப் பிரிவுக்கும் போட்டுருங்க. கூடவே, வாடை போறதுக்கு என் ஜன்னல் பக்கம் ஒரு பேன்."